உறைக்குச் சொன்ன விலை

போன மாதம் தர்ஷினி போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தபால் கந்தோரில் என் கதிரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. ஒருவர் பழைய வீடியோ கேம் ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்ப வந்திருக்கிறாராம். கம்பியூட்டரில் பெறுமதி என்ற கட்டத்தில் அவர் சொல்லும் தொகையைப் போட்டால் தன் ஒரு வருஷச் சம்பளத்தைவிடக் கூடவாம். "மிஸ், அந்த மனுசனுக்குப் பைத்தியமா, இல்ல எனக்கா?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் இல்லை, அவர் சொல்வதையே போடு, ஆனால் பெட்டியில் கை வைக்கும் முன் நான் சொல்வதைக் கேள் என்றேன். அரை மணி நேரம் சொன்னேன். இதை அப்படியே எழுதித் தாருங்கள், எங்கள் நலன்புரிச் சங்க மலரில் போடுவோம் என்று பிடித்துக்கொண்டாள்.

எழுதுகிறேன். என் பிழையையும் சேர்த்துத்தான் எழுதுவேன், அதை மட்டும் வெட்டக் கூடாது.

நான் மாத்தளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. அப்பாவுக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை, எனக்குக் கடிதம் நிறுக்கும் வேலை. நம் வீட்டுக்குச் சோறு போட்டது தராசுதான் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். பயிற்சிக் காலத்தில் ஊர்ப் பெயர்களை மூன்று மொழியிலும் பிழையில்லாமல் வாசிக்கவும், கால் வலியை முகத்தில் காட்டாமல் நிற்கவும் படித்தேன். மிச்சமெல்லாம் நாவுலையில் ரணசிங்க சேரிடம் படித்தது. அவர்தான் என் முதல் தபாலதிபர்.

ரணசிங்க சேர் ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருப்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், எங்களுக்கு அதுதான் பயம். யாராவது பார்சல் கொண்டுவந்தால் அவர் முதலில் எதுவும் கேட்க மாட்டார். தராசில் வைப்பார். பிறகு புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். காதுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் ஆட்டுவார். கடைசியில் மூக்கு. இவ்வளவும் முடிந்த பிறகே உள்ளே என்ன என்று ஆளைக் கேட்பார். அந்த நேரத்தில் அவருக்குப் பாதி பதில் தெரிந்திருக்கும்.

ஒரு நாள், இத்தாலியில் இருக்கும் மகனுக்குப் புத்தகம் அனுப்ப ஓர் அம்மா வந்தார். நாலு கிலோ. வெள்ளைத் துணியில் போட்டு அழகாகத் தைத்திருந்தார். படிவத்திலும் புத்தகம் என்றே எழுதியிருந்தது. சேர் நிறுத்தார், புரட்டினார், ஆட்டினார். மூக்கைக் கொண்டுபோனவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். "நோனா, இந்தப் புத்தகத்தில் கொறக்கா போட்டிருக்கிறதே" என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டார். உள்ளே இருந்தது ஜாடி. மீனை உப்பும் கொறக்காப் புளியும் போட்டு அடைத்து வைப்பார்களே, அது. மகனுக்கு அங்கே சோறு இறங்குவதில்லை என்று அந்த அம்மா கண் கலங்கினார். சேர் பார்சலை ஏற்கவில்லை. ஆனால் பியோனைக் கடைக்கு அனுப்பி, காய்ந்த கொறக்கா ஒரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னார். மீனை மகன் அங்கேயே தேடிக்கொள்வான், புளிதான் கிடைக்காது என்றார். படிவத்தில் புத்தகத்தை வெட்டிக் கொறக்கா என்று அந்த அம்மா எழுதியதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

கண் காணாததற்குக் கையெழுத்துப் போடாதே. அவர் எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான். வெளிநாட்டுப் பார்சலைத் திறந்தபடிதான் வாங்க வேண்டும். உள்ளே இருப்பதைப் படிவத்தோடு ஒத்துப் பார்த்து, நம் கண் முன்னாலேயே கட்ட வைக்க வேண்டும். காப்புறுதிப் பார்சல் என்றால் பொருத்துக்குப் பொருத்து அரக்கு. அரக்குக் குச்சியை மெழுகுதிரியில் காட்டிச் சொட்டவிட்டு, பித்தளை அச்சை ஈரத்தில் தொட்டு அழுத்த வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் அரக்கு அச்சோடு கிளம்பி வந்துவிடும். என் அரக்கில் ஒவ்வோர் எழுத்தும் வாசிக்கலாம். பிரித்து ஒட்டிய பார்சல் ஒன்றுகூட முப்பத்தைந்து வருஷத்தில் என் கண்ணுக்குத் தப்பியதில்லை என்று கேட்டவரிடமும் கேளாதவரிடமும் சொல்லித் திரிந்தவள் நான். ரிஸ்வான் வந்த பிறகு அந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மாத்தளைக்குக் கிட்ட ஒரு சின்னக் கந்தோரில் நான் தபாலதிபர். ரிஸ்வான் உக்குவளையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறான். என் கடைசித் தம்பியோடு படித்தவன் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன், நாற்பதைத் தாண்டிய ஆள். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பிஸ்கட் டின் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். டின்னுக்குள் ஒரு துவாய். துவாய்க்குள் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் உறை, சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்திருந்தது.

டிவியில் மெஷினை மாட்டி, அதில் செருகி விளையாடுகிற கேம் கெசட் அது. அவனுடைய வாப்பா குவைத்தில் அமெரிக்கச் சாமான் விற்கிற கடையில் வேலை செய்தவர். ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது, பத்து வயது மகனுக்கு இதைக் கொண்டுவந்தார். ஆனால் நம் ஊரில் அப்போது ஓடிய மெஷினின் வாய் சின்னது, இந்தக் கெசட் அகலமானது. இதற்கேற்ற மெஷினைப் பின்னால் வரும் கூட்டாளி கொண்டுவருவார், அன்றைக்கு நீயே உடைத்து விளையாடு என்று வாப்பா சொல்லியிருந்தார். அங்கே யுத்தம் வந்தது. கூட்டாளி உயிர் தப்பி வந்ததே பெரிய காரியம், மெஷின் வரவில்லை. பெட்டி அலுமாரியில் இருந்துவிட்டது. வாப்பா மாத்தளையில் வீடியோ கெசட் கடை நடத்தி, அதுவும் ஓய்ந்து, மௌத்தாகிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது கனடாவில் ஒருவர் அந்தப் பெட்டிக்கு இருபது லட்சத்துக்குக் கிட்டக் கொடுக்கிறேன் என்றாராம். பார்சல் நம்பர் கிடைத்ததும் காசு வரும். எனக்குத் தலை சுற்றியது. அப்படி அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"உள்ளுக்கு ஒன்டுமில்ல மிஸ். தொறக்காம இருக்கிறதுக்குத்தான் காசு. மத்தப் பிள்ளைகள் எல்லாரும் கெடச்ச அன்டைக்கே கிழிச்சிட்டாங்களே."

இது எனக்கு விளங்காத கணக்கு அல்ல. முத்திரை சேர்க்கிறவர்கள் எத்தனை பேர் என் கவுன்டருக்கு வந்து, மிஸ் மெதுவாக அடியுங்கள், ஓரத்தில் அடியுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். பயன்படாத பொருளுக்குத்தான் இந்த உலகத்தில் மவுசு. ஆனால் அவனுக்கு அது பொழுதுபோக்கு அல்ல. அவனுடைய உம்மா நபீஸா உம்மாவின் பெயர் அந்த வருஷ ஹஜ் பட்டியலில் வந்திருந்தது. கூட்டிப்போவதாக வாப்பா சொல்லி நிறைவேறாமல் போன பயணம். அந்தக் கிழமை முடிவதற்குள் முகவரிடம் காசு கட்ட வேண்டும். உம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது, முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரியாது.

எல்லாம் சரி, திற, பார்க்கிறேன் என்றேன்.

அவன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். திறந்தால் விலை போய்விடும் என்றான். திறக்காவிட்டால் பார்சலே போகாது என்றேன். இப்படியே கால் மணி நேரம். பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் என் பக்கம், மூன்று பேர் ரிஸ்வான் பக்கம். எனக்குக் கோபம் வந்தது. சட்டம் தெரியாதவனிடம் வரும் கோபமில்லை, அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்று வந்த கோபம். கடைசியில் அலுவிகாரையில் ஓய்வாக இருந்த ரணசிங்க சேருக்குப் போன் எடுத்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். கட்டளைப் புத்தகத்தில் என்ன சொல் இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். திறந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது என்றேன். போய்ப் பார் என்றார். அலுமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, அந்தப் பந்தியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். திறந்து பார் என்று எங்கும் இல்லை. அலுவலர் திருப்திப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக நான் திருப்தியைத் திறப்பு என்றே வாசித்திருக்கிறேன். "திருப்திப்படு பிள்ளை, எப்படி என்பது உன் கெட்டித்தனம்" என்று சேர் போனை வைத்தார்.

திருப்திப்படத் தொடங்கினேன். தராசில் வைத்தேன். இதே கேமின் நிறையை ரிஸ்வான் நெட்டில் தேடிக் காட்டினான், இரண்டு கிராம்தான் வித்தியாசம். புரட்டினேன். காதுக்குக் கிட்ட ஆட்டினேன், கெசட் மெல்ல இடித்தது. மோந்தேன், பாச்சை உருண்டை வாசம். டோர்ச் அடித்து உறையின் பொருத்தைப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பொருத்து லேசாக அலை போல நெளிந்திருந்தது. அலுமாரிச் சூட்டுக்கு அப்படி வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். திருப்தி என்று அறிவித்தேன். வரிசையில் நின்றவர்களுக்கும் ஒரே சந்தோஷம்.

ரிஸ்வான் கேம் பெட்டியை என் மேசையிலேயே விட்டுவிட்டு, பழைய பேப்பரும் பெரிய அட்டைப் பெட்டியும் எடுக்க வெளியே நின்ற முச்சக்கர வண்டிக்குப் போனான். நான் படிவங்களை எழுதி முடித்தேன். மூன்று பிரதி. இனித் திகதி சீல் அடிக்க வேண்டும். மரப்பிடி போட்ட இரும்புச் சீல் அது. மை, கடதாசி, மை, கடதாசி என்று கை தானாகப் போகும், கண் பார்க்கத் தேவையில்லை. சேர் சொன்னதை நினைத்துச் சிரித்துக்கொண்டே அடித்தேன். முதல் பிரதி. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது அடி வேறு சத்தமாகக் கேட்டது.

குனிந்து பார்த்தேன். உறையின் நடுவில் வட்டமாக, கந்தோர்ப் பெயரும் அன்றைய திகதியும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் சீல் அடித்ததேயில்லை.

துடைக்கலாம் என்று கை போனது. எண்ணெய் மை, தேய்த்தால் பரவும் என்று தெரியும், நிறுத்திக்கொண்டேன். அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது: அங்கே கிடந்த கடதாசியை இழுத்து அதன் மேல் போட்டு மூடினேன். யாரும் பார்க்கவில்லை. நானே கட்டி, நானே அரக்கு வைத்து அனுப்பிவிட்டால், கனடா போய்ச் சேரும்வரை ஒருவருக்கும் தெரியாது. ரிஸ்வான் பெட்டியோடு வாசலில் ஏறி வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பைக் கண்டதும் என்னால் ஏலவில்லை. கடதாசியை எடுத்தேன்.

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சமாளித்திருக்கலாம். சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சீல் விழுந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். "உம்மாவுக்கு என்ன மிஸ் செல்றது?" என்று மட்டும் கேட்டான்.

நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

கந்தோரை மூடிய கையோடு பஸ் ஏறி உக்குவளைக்குப் போனேன். நபீஸா உம்மா முன்வாசலிலேயே என்னை எதிர்பார்த்து நின்றார், நான் வருகிறேன் என்பதைத் தவிர மகன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பிளேன்டீயும் கல்கண்டும் வந்தன. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, என்னால் உங்கள் பயணம் கெட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதும் விட்டேன்.

உம்மாவுக்கு ஏன் இந்த அழுகை என்று புரியவில்லை. "அதுக்கென்ன மிஸ், மேல உள்ள உறைதானே. உள்ளுக்கு ஈக்கிற சாமான் நல்லாத்தானே ஈக்குது?"

ரிஸ்வான்தான் விளக்கினான். உள்ளே இருப்பதற்குப் பெரிய விலை இல்லை, ஒருவரும் திறக்காத அந்த உறைக்குத்தான் விலை என்றான். பழைய கேம் ஒன்றை வெளிநாட்டுக்காரன் ஒருவன் கேட்கிறான் என்ற அளவில்தான் அதுவரை அவருக்குச் சொல்லியிருந்தான் போலிருக்கிறது.

"உறைக்கா?" என்றார் உம்மா. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முக்காடு தோளில் விழும்வரை சிரித்தார். "மகன், அது ஒங்கட வாப்பா சுத்தின உறை."

கதை இதுதான். பெட்டி வந்த புதிதில், மெஷின் வரும்வரை பொறுக்க மாட்டாமல் மகன் தினமும் அழுதிருக்கிறான். அவன் பள்ளிக்கூடம் போன ஒரு நாள், பக்கத்து வீட்டில் இருக்கும் மெஷினுக்குப் பொருந்துமா பார்ப்போம் என்று உம்மா உறையைப் பிரித்துக் கெசட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பொருந்தவில்லை. பிரித்த பெட்டியைப் பார்த்தால் பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று பயந்து, புருஷனிடம் சொல்லியிருக்கிறார். வாப்பாவின் கடையில் வீடியோ கெசட்டுக்குப் புது உறை போட்டுச் சூட்டில் இறுக்குகிற மெஷின் இருந்தது. அதில் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். உடைக்கிற சந்தோஷம் பிள்ளைக்கு இருக்கட்டும் என்றாராம்.

டோர்ச் வெளிச்சத்தில் நான் பார்த்த அந்த அலை அலுமாரிச் சூடு அல்ல, மாத்தளைக் கடையின் மெஷின் சூடு. பிரித்து ஒட்டியது என் மூக்குக்குக் கீழே இருந்தது, நான் திருப்தி என்றேன்.

ரிஸ்வானுக்கு முகம் வெளுத்துவிட்டது. கனடாக்காரர் காசைக் கொடுத்துவிட்டுக் கண்டுபிடித்திருந்தால் தன்னை என்னவென்று நினைத்திருப்பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தார். "பொய்ச் சாமான் வித்த காசில போய்க் கஃபாவப் பாக்க ஏலாது மகன். இப்பவே அந்த மனுசனுக்கு எழுதுங்க" என்றார்.

நான் இருக்கும்போதே எழுதினான். சீல் அடித்தது தபாலதிபர், விற்பவர் அல்ல என்றும் சேர்க்கச் சொன்னேன். நான் கிளம்பும்போது உம்மா என் கையில் கல்கண்டுப் பையைத் திணித்தார். நீங்கள் அந்தச் சீலை அடித்திருக்காவிட்டால் நான் வாய் திறந்தே இருக்க மாட்டேன், என் பிள்ளை கள்ளனாகியிருப்பான் என்றார். பிழை செய்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அது. ரணசிங்க சேரிடம் போனில் சொன்னேன். அவர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடுத்த நாளே பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கனடாக்காரர் நன்றி எழுதியிருந்தார். உள்ளே எல்லாம் புதிது போல இருந்தால் திறந்த பெட்டியாகவே வாங்குகிறேன், படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு தொகை சொல்லியிருந்தார். முன்பு சொன்னதில் கால்வாசியும் வராது. ஹஜ்ஜுக்குப் போதாது. ரிஸ்வான் தலையைத் தொங்கப்போட்டிருக்கையில், ஹஜ் காலம் அல்லாத நாளில் மக்கா போய்வரும் சின்னப் பயணமான உம்ராவுக்கு எவ்வளவு வரும் என்று உம்மா கேட்டிருக்கிறார். கணக்குப் பார்த்தால், அந்தத் தொகைக்கு உம்ரா போய் வந்து பேரீச்சம்பழமும் வாங்கலாம். ஹஜ் மேலே இருக்கிறவன் கூப்பிடும்போது பார்க்கலாம், இப்போதைக்குக் கண்ணால் கண்டுவிட்டு வருகிறேன் என்று முடித்துவிட்டார். போகவும் செய்தார், முழங்காலும் தாங்கியது. அந்தப் பேரீச்சம்பழத்தில் ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

பதில் வந்த மறுநாள், வியாழக்கிழமை, மூன்று பேரும் கவுன்டரில் நின்றோம். நபீஸா உம்மாவும் வந்திருந்தார். இனித் திறக்கத் தடை இல்லை. திகதி சீலை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, கடதாசி வெட்டும் கத்தியை ரிஸ்வானிடம் நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. பெட்டியைத் திருப்பினான். அந்த நெளிந்த இடத்தைத் தேடிப் பிடித்து, பெருவிரல் நகத்தை உள்ளே விட்டு ஒரே இழுவையில் கிழித்தான். உறை என் சீலோடு இரண்டாகப் போனது. மூடியைத் திறந்து, கெசட்டை எடுத்து, மெஷினில் செருகும் முன் பிள்ளைகள் செய்வது போல அதன் வாயில் மூன்று தரம் ஊதினான். தூசி இருக்கவில்லை, ஆனாலும் ஊதினான். நாற்பத்திரண்டு வயது ஆள், கடை வைத்திருப்பவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் முகத்தை நான் அதிக நேரம் பார்க்கவில்லை, கண்ணீர் வந்துவிடும் போல இருந்தது.

படம் எடுத்தோம். கெசட் ஒன்று, புத்தகம் ஒன்று, உத்தரவாதச் சீட்டு ஒன்று, படிவத்தோடு ஒத்துப் பார்த்தேன். கண்ணால் கண்டு கையெழுத்துப் போட்டேன். பேப்பர் சுற்றி, கட்டி, அரக்கு வைத்தேன். மேசையில் கிழிந்த உறை கிடந்தது. அள்ளிக் குப்பைக் கூடைக்குள் போடப்போனேன். நபீஸா உம்மா கவுன்டருக்கு மேலால் கையை நீட்டி அதை வாங்கினார். கசங்கின இடத்தை உள்ளங்கையால் நீவி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்தார்.

"இது விக்கிறதுக்கில்ல மிஸ்," என்றார்.